கை நீட்டாத மிஸ்

சந்தனமேரி மிஸ்ஸைக் கொடுமைக்காரி என்று யாரும் சொல்லிவிட முடியாது. வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு பிள்ளையின் காதைத் திருகியதில்லை, ஒரு மண்டையில் குட்டியதில்லை. ஆவூரில் அவர் சின்னப் பிள்ளையாகப் படித்தபோது, கணக்கு வாத்தியார் புளியம் விளாரால் கெண்டைக்காலில் ஒரு இழுப்பு இழுத்தார். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. தான் டீச்சரானால் எந்தப் பிள்ளை மேலும் கை நீட்டுவதில்லை என்று அன்றைக்கு மாதா கெபியில் மெழுகுவத்தி ஏற்றிச் சத்தியம் செய்தாராம். செய்த சத்தியத்தை அட்சரம் பிசகாமல் காப்பாற்றியும் வந்தார். பிள்ளைகளுக்கு அதுதான் வினையாகப் போயிற்று.

அன்னவாசல் ரோட்டில் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம். அதில் இரண்டாம் வகுப்பு அவருடையது. ஜூன் மாதத்துப் பெற்றோர் கூட்டத்தில் வழக்கமான பேச்சுதான் நடக்கும். "கண்ண மட்டும் விட்டுட்டு மிச்சத்த உரிச்சிடுங்க மிஸ்" என்பார்கள். பெற்ற பிள்ளையை இப்படித் தாராளமாக எழுதிக் கொடுக்கும் ஜனத்தை வேறெங்கும் பார்க்க முடியாது. மிஸ் சிரித்துக்கொள்வார்.

"அடிக்கிறதெல்லாம் அந்தக் காலங்க. நம்ம கிளாஸ்ல கம்பே கெடையாது. சார்ட்டுதான்."

கரும்பலகைக்குப் பக்கத்தில் அந்த சார்ட் தொங்கியது. மேலே பச்சை, நடுவில் மஞ்சள், கீழே சிவப்பு. துணி காயப்போடுகிற கிளிப்புகளில் பிள்ளைகளின் பாஸ்போர்ட் போட்டோவை ஒட்டி, காலையில் எல்லோரையும் பச்சையில் மாட்டிவிடுவார். பக்கத்துப் பிள்ளையோடு பேசினால் கிளிப் மஞ்சளுக்கு இறங்கும். மறுபடி பேசினால் சிவப்பு. தமிழில் பேசினால் விசாரணையே இல்லை, நேராகச் சிவப்பு. கடைசி மணிக்கு முன்னால் சார்ட்டை ஒரு போட்டோ எடுத்து, பெற்றோர் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டு, மிஸ் நிம்மதியாக ஸ்கூட்டியைக் கிளப்பிப் போய்விடுவார்.

போட்டோ போன பிறகு அந்தந்த வீட்டில் என்ன நடந்தது என்பது சார்ட்டில் வராது. பெல்ட்டுக்கும் விளக்குமாற்றுக்கும் அங்கே கட்டம் கிடையாது.

காவ்யா வாயாடி. அதைத் தவிர அந்தப் பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை. ஜன்னலில் ஓணான் ஏறினால் "ஏய் பாரேன்" என்று சொல்லாமல் அவளால் இருக்க முடியாது. ஓணானைப் பார்த்ததும் இங்கிலீஷ் வருகிற பிள்ளை அவள் ஊரான குடுமியான்மலையில் இன்னும் பிறக்கவில்லை. அதனால் அவள் கிளிப் அடிக்கடி சிவப்பில் தொங்கியது.

அவளுடைய அப்பா கோபிநாத்துக்குக் குவைத்தில் வேலை. குரூப்பில் முதல் ஆளாகப் போட்டோவைப் பார்ப்பது அவர்தான். வெயிலில் வெந்து சம்பாதித்து ஃபீஸ் கட்டுகிறவருக்கு, மற்ற அப்பாக்கள் பார்க்கும் இடத்தில் மகளின் மூஞ்சி சிவப்பில் தொங்குவது தாங்கவில்லை. கைக்கு எட்டாத தூரத்தில் இருந்ததால், மனைவிக்கு வீடியோ கால் போட்டார். போனைச் சுவரோரம் சாய்த்து வைக்கச் சொன்னார்.

"நீ அடிக்கிறது எனக்குத் தெரியணும். சும்மா தட்டிட்டு ஏமாத்தலாம்னு பாக்காத."

மனைவி ராசாத்தி அடித்தாள். மறு வாரம் காவ்யாவைப் போனுக்கு முன்னால் முட்டி போட வைத்தாள். அதற்கு மேல் அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள் பள்ளிக்கூட கேட்டில் வந்து காத்து நின்றாள்.

"மிஸ், எம்மகள என்ன வேணாலும் செய்யுங்க. அந்தப் போட்டோவ மட்டும் போடாதீங்க. அவரு அங்கிட்டு இருந்துக்கிட்டு அடி அடிங்கிறாரு. இனிமே செவப்புல வந்தா சூடு வைக்கணுமாம். நான் மாட்டேன்னா என்னையக் கேக்காத கேள்வியெல்லாம் கேக்குறாரு."

மிஸ் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். அவருக்குக் கோபமே வராது.

"எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஒரே ரூல்ங்க. ஒங்க பிள்ளைக்கு மட்டும் விட்டா மத்தவங்க கேப்பாங்கள்ல? நான் கை நீட்டுறதில்ல. வீட்ல நடக்குறதுக்கு நான் என்னங்க செய்ய முடியும்? பிள்ளைய இங்கிலீஷ்ல பேசச் சொல்லுங்க."

ராசாத்தி இங்கிலீஷுக்கு எங்கே போவாள்? தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனாள்.

இரண்டு நாளில் காவ்யா மறுபடி சிவப்பில் வந்தாள். பென்சில் தொலைந்துபோய் "எம்பென்சில யாரு எடுத்தா?" என்று கேட்டிருக்கிறாள். போட்டோ போயிற்று. ராத்திரி போனிலிருந்து உத்தரவு வந்தது. கரண்டிக் காம்பு அடுப்பில் சிவக்கிற வரைக்கும் கோபிநாத் லைனிலேயே இருந்தார். பிள்ளையின் பின் தொடையில் அதை வைத்தவள் ராசாத்தி. வைத்துவிட்டு அவளே தேங்காய் எண்ணெய் தடவி, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இந்தப் பாவத்தில் மூன்று பேருக்கும் பங்கு உண்டு. கொஞ்சமும் கை வலிக்காத மிஸ்ஸின் பங்கு பெரிது என்பது என் கணக்கு.

மறுநாள் மத்தியானம் தாளாளர் ஆண்டியப்பன் வெளியூர்ப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் நாலைந்து பேரை அழைத்து வந்தார். கம்பில்லாத வகுப்பைக் காட்டப் போகிறார். ஹெச்.எம். நாற்காலி காலியாகக் கிடந்தது. அது யாருக்கு என்று அன்றைக்கு முடிவாகும் என்று மிஸ்ஸுக்குத் தெரியும். நல்ல பட்டுச் சேலையில் வந்திருந்தார்.

பிள்ளைகள் எழுந்து "குட் ஆஃப்டர்நூன் சார்" என்று இழுத்துப் பாடி உட்கார்ந்தார்கள். காவ்யா மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

"காவ்யா, சிட் டவுன்."

பெஞ்சின் ஓரத்தில் ஒரு பக்கமாக உட்கார்ந்து பார்த்தாள். உடனே எழுந்துவிட்டாள்.

"சிட் ப்ராப்பர்லி, காவ்யா."

"மிஸ், எரியுது மிஸ்."

"மிஸ்! காவ்யா ஸ்பீக்கிங் தமிழ் மிஸ்!" என்று வகுப்பே எழுந்து கத்தியது.

எரிகிறது என்பதற்கு இங்கிலீஷில் என்ன சொல்ல வேண்டும் என்று மிஸ் இன்னும் நடத்தியிருக்கவில்லை. பக்கத்தில் போனார். ஸ்கர்ட்டின் விளிம்புக்குக் கீழே, நீர் கோத்து நின்ற சூட்டுக் காயம் தெரிந்தது. நன்றாகவே பார்த்தார். முதுகுக்குப் பின்னால் தாளாளரும் விருந்தாளிகளும் அவர் என்ன செய்யப் போகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மிஸ் நடந்து போய், காவ்யாவின் கிளிப்பை எடுத்துச் சிவப்பில் மாட்டினார்.

வகுப்பு கப்பென்று அடங்கியது. "ஒரு அதட்டல் இல்ல, ஒரு அடி இல்ல. எப்பிடிங்க இப்பிடி?" என்று ஒரு விருந்தாளி வாயைப் பிளந்தார். ஆண்டியப்பனுக்குப் பெருமை தாளவில்லை.

"அடுத்த ஹெச்.எம். இவங்கதாங்க. மிஸ், அந்தப் போட்டோவ இப்பவே போடுங்க. பேரன்ட்ஸ் எப்பிடி ரெஸ்பான்ஸ் பண்றாங்கன்னு சாருங்களும் பாக்கட்டும்."

போட்டோ எடுத்தாயிற்று. அனுப்புவதற்கு முன் மிஸ்ஸின் விரல் கொஞ்சம் தயங்கியது உண்மை. தயங்கிவிட்டு அனுப்பியது. குவைத்திலிருந்துதான் முதல் பதில் வந்தது. ஆண்டியப்பன் அதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார்.

"நன்றி மிஸ். இன்னிக்கு ராத்திரி பாத்துக்கிறேன்."

விருந்தாளிகள் கைதட்டினார்கள். மிஸ் போனைக் கவிழ்த்து வைத்தார்.

மணி அடித்தது. விருந்தாளிகள் காபிக்குப் போனார்கள், பிள்ளைகள் வேனுக்கு ஓடினார்கள். காவ்யா போகவில்லை. மிஸ்ஸின் மேசைக்கு முன்னால் வந்து நின்று உதட்டுக்குள் எதையோ சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். டாய்லெட் போகக் கேட்கிற ஒரு வாக்கியம்தான் அவளுக்குத் தப்பில்லாமல் வரும். அதைப் பிரித்து வேறு மாதிரி கோத்திருந்தாள்.

"மிஸ், மே ஐ நாட் கோ ஹோம்?"

வீட்டுக்குப் போகாமல் இருக்கலாமா என்று கேட்கிறாள். மிஸ்ஸுக்குக் கண் கலங்கியது. அந்தக் கண்ணீரில் பொய் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

"வெரி குட், காவ்யா. முழுசா இங்கிலீஷ்லயே கேட்டுட்டியே!"

எழுந்து போய் அவளுடைய கிளிப்பைச் சிவப்பிலிருந்து எடுத்து, மேலே பச்சையில் மாட்டினார். "ஓடு, வேன் கெளம்பிடும்" என்றார்.

காவ்யா பச்சையில் இருக்கும் தன் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே, காலை அகட்டி வைத்து வேனுக்கு நடந்தாள். மிஸ் ஸ்கூட்டிச் சாவியைத் தேடினார். இன்னொரு போட்டோ எடுக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு போட்டோதான். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே ரூல்.