தொட்டித் தண்ணீர் சிந்திய ஞாயிறு

உள்ளங்காலில் முதலில் தெரிந்தது குளிர்தான். குனிந்து பார்த்தபோது, மீன்தொட்டியிலிருந்து வாளிக்குள் விட்டிருந்த ரப்பர் குழாய் நழுவி வெளியே கிடந்தது, கூடத்துச் சிமெண்டுத் தரையில் தண்ணீர் பாதி தூரம் ஓடியிருந்தது. நான் ஏழாம் வகுப்பு படித்த ஆண்டு, அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய ஞாயிறு. அம்மா சனிக்கிழமை என்கிறார். சனிக்கிழமைகளில் எனக்கு டியூஷன் உண்டு, ஆகவே ஞாயிறுதான்.

ஆம்பூரில் மாடி வீட்டில் குடியிருந்தோம். கீழே வீட்டு உரிமையாளர். தெருவே அவரை ‘ஆபா’ என்று அழைக்கும், உருதுவில் அக்கா. எங்கள் தரையில் ஒரு விரிசல் இருந்ததால், தொட்டித் தண்ணீர் சிந்தினால் அவர் கட்டில்மேல் சொட்டும். இரண்டாம் முறை சொட்டியபோது படியேறி வந்து, “தம்பி, மேல மீன் நீந்துது, கீழ நாங்க நீந்தறோம். ஜாஸ்தி பேச மாட்டேன். இன்னொரு தபா சொட்டுச்சுன்னா தொட்டி இருக்கக் கூடாது” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

தொட்டி போனால் மீன் மட்டும் போகாது. தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்த அப்பா வீட்டில் யாரோடும் அதிகம் பேசமாட்டார். மாலையில் தொட்டிமுன் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு நான்கு தங்கமீன்களிடம்தான் அன்றைய நாளைச் சொல்வார். “இன்னாப்பா, சாப்ட்டீங்களா? சூப்பர்வைசர் இன்னிக்குத் தோல உல்டாவா விட்டுட்டு மெஷின் மேல பழி போடறான்” என்று தொடங்குவார். “மீனுக்கு எல்லா சேதியும் தெரியுது, பொண்டாட்டிக்குத்தான் ஒண்ணும் தெரியல” என்பார் அம்மா. ஆனாலும் மிக்சியை நிறுத்திவிட்டுக் கேட்பார். யார் ஓவர்டைமுக்கு நின்றார்கள், யாருக்குக் கையில் அடிபட்டது என்று நான் ஒரு நோட்டில் எழுதிவைத்ததெல்லாம் இப்படிக் காதில் விழுந்ததுதான்.

அன்று இருவரும் ஒரு கல்யாணத்துக்காகக் குடியாத்தம் போயிருந்தார்கள். தண்ணீர் மாற்றும் வேலை என்னுடையது. சிந்தியதைத் துடைக்க, அப்பா தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த கழிவுத் தோல் துண்டு ஒன்று வைத்திருந்தோம். பதனிடும் மருந்தில் ஊறி நீலம் பாய்ந்தது, துணியைவிட வேகமாக உறிஞ்சும். அதை விரிசலுக்குக் குறுக்கே போட்டு ஒற்றி ஒற்றி எடுத்தேன். கீழே ஒரு சொட்டுப் போகவில்லை.

ஆனால் பிடித்துவைத்திருந்த குடத்து நீர் முழுவதையும் ஊற்றியும் தொட்டியின் மட்டம் குறைவாகவே இருந்தது. அப்பா பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார். போர் தண்ணீர் உப்பு, மீனுக்கு ஆகாது என்று அவரே சொல்லியிருந்தார். சிந்தியது மீனின் தண்ணீர்தானே என்று, தோலைத் தொட்டிக்குள்ளேயே ஏழெட்டு முறை பிழிந்தேன். அவர் அதை எப்போதும் கழிவறையில் பிழிவதைப் பார்த்திருக்கிறேன். தரைத் தூசிக்காக என்று நினைத்திருந்தேன்.

திங்கள் காலை இரண்டு மீன்கள் மிதந்தன, மாலைக்குள் மற்ற இரண்டும். எனக்கு அழுகை வரவில்லை. இட்லி சாப்பிட்டேன், பள்ளிக்குப் போனேன், வந்தேன். வேலையிலிருந்து திரும்பிய அப்பா தோல் துண்டை எடுத்து அழுத்திப் பார்த்தார்.

“இத எங்க பாப்பா புழிஞ்ச?”

“பாத்ரூம்லப்பா.”

தொட்டித் தண்ணீரைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “சரி” என்றார். தண்ணீரை வாளி வாளியாக மொண்டு கொட்டி, தொட்டியை மொட்டைமாடியில் கவிழ்த்துவைத்தார். விஷயம் அறிந்த ஆபா, “நான் மீன கொல்லச் சொல்லலியே தம்பி, வேற வாங்கிவிடு” என்றார். “இல்ல ஆபா, போதும்” என்றார் அப்பா.

அன்று மாலை அவர் டிவி முன்னால் உட்கார்ந்தார். அதன்பின் எல்லா மாலைகளிலும். பின்னாளில் அவர் தொழிற்சாலை வேலையை விட்டதையே அம்மா ரேஷன் கடை வரிசையில் யாரோ சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

இப்போது அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. ஆபாவின் வீட்டை இடித்து மூன்று மாடி கட்டிவிட்டார்கள். எங்கள் குடும்பத்தின் கதையைத் தேதிவாரியாக எழுதும் வேலையில் இருக்கும் நான், தொழிற்சாலை நாட்களைப் பற்றி அப்பாவிடம் பலமுறை கேட்டுவிட்டேன். “அதுல இன்னா இருக்குது? போனேன், வந்தேன்” என்கிறார். எங்கே பிழிந்தேன் என்பதை நானும் இன்னும் சொல்லவில்லை. நோட்டில் அவருடைய வேலையைப் பற்றிய கடைசிக் குறிப்பு, அந்த ஞாயிற்றுக்கு முந்தைய சனிக்கிழமை மாலையுடையது: தோல் ஊறவைக்கப் புது டிரம் வந்திருக்கிறது, திங்கட்கிழமை ஓட்டிப் பார்ப்பார்கள். அது ஓடியதா என்று தெரியவில்லை.