சுற்றி விட்ட இடம்

ஆஸ்டின் டவுனில் வீட்டு பிளான் வரைந்தே தலை நரைத்தவர் சில்வெஸ்டர். அத்திப்பள்ளியில் அக்காவுக்கு ஒரு மனை, எல்லை தாண்டி ஓசூரில் தங்கைக்கு அதே அளவில் ஒரு மனை என்று சகோதரிகள் இருவர் வந்து, ஒரே மாதிரி வீடு கேட்டார்கள். மனையில் எவ்வளவு கட்டலாம், சுற்றி எவ்வளவு காலியாக விட வேண்டும் என்ற விதி கர்நாடகத்தில் ஒன்று, தமிழ்நாட்டில் வேறு. அதனால் இரண்டு பிளான் போட்டுக் கொடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அப்படி விடும் இடத்தை ஜனங்கள் என்னதான் செய்கிறார்கள் என்ற குடைச்சல் தீரவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் ஸ்கூட்டரில் கிளம்பினார். அத்திப்பள்ளியில் ஒரு காம்பவுண்டை எட்டிப் பார்த்தபோது வீட்டுக்காரம்மா வெளியே வந்தார்.

“யாரு வேணும்?”

“யாரும் வேணாம்மா. வீட்டச் சுத்தி எவ்ளோ எடம் விட்டிருக்கீங்கன்னு பாத்தேன்.”

“அங்கதான் வாஷிங் மெஷின் வச்சிருக்கோம்.”

மேலே தகர ஷீட் வேறு. ஓசூரிலும் அதே ஷீட், அதே மெஷின்.

சாயங்காலம் வீட்டு வாசலில் மனைவி மௌரீன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

“ஒருத்தனும் எடத்த எடமா விட மாட்டேங்கிறான், மௌரீன்” என்று பொருமியபடியே, சில்வெஸ்டர் வழக்கம்போல ஸ்கூட்டரை ஹாலுக்குள் ஏற்றி, சோபாவை ஒட்டி நிறுத்தினார்.