பஞ்சு வரும் வழி

எங்கள் வீட்டை ஒட்டி ஒரு நிட்டிங் கம்பெனி. அங்கிருந்து பறந்து வரும் பஞ்சு, வென்டிலேட்டர் வழியாகக் குளியலறைக்குள் நுழைந்து ஈரச் சுவரெல்லாம் அப்பிக்கொள்ளும். பெருக்கி அலுத்துப்போய், ஒருநாள் வேஸ்ட் பனியன் துணியைத் திணித்து அதை அடைத்துவிட்டேன். உள்ளே கேஸ் கீசர் எரிவதை யோசிக்கவே இல்லை.

மறுநாள் காலை என் கணவர் குளிக்கப் போனார். தண்ணீர் விழும் சத்தம் மட்டும் நிற்கவே இல்லை.

"ஏனுங்க... ஏனுங்க..."

பதில் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை நான் சொன்னதே கிடையாது. "செல்வராசு!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். அம்மிக் குழவியால் இடித்துத் தாழ்ப்பாளை உடைத்தேன். சுருண்டு கிடந்தவரை வாசலுக்கு இழுத்துப் போட்டேன். வெளிக்காற்று பட்டு மெல்லக் கண் திறந்தார்.

"பேரச் சொல்லியா கூப்புட்ட?"

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: "காத்து போகாத ரூம்ல கீசர் எரிஞ்சா வர்ற விசவாயுவுக்கு வாசமே இருக்காதுங்கம்மா. கீசரை வெளிய மாட்டுங்க."

அன்றே திறந்தவெளிப் பக்கச் சுவருக்கு மாற்றினோம். துணியையும் பிடுங்கி எறிந்தேன். பஞ்சு இன்றும் வருகிறது, சந்தோஷமாகப் பெருக்குகிறேன். அவர் குளிக்கும்போது, "செல்வராசு!" என்று அதட்டுவேன்.

"இருக்கறனுங்க!" என்பார்.