வேல்வீரனுக்குப் பின்னால் ஒரு குரல்

பழைய சிடியிலிருந்த கோட்டை விளையாட்டைத் திறந்து, வேல்வீரனைக் கிளிக் செய்தேன். ‘வாரேன் அப்பு!’ என்றான். அண்ணனின் பள்ளிக்கூட வயதுக் குரல்.

நாகல் நகர் வீட்டில் இதை எங்கள் இஷ்டத்துக்கு மாற்றியிருந்தோம். சீமைக் கோட்டை எங்கள் மலைக்கோட்டையானது. வீரர்கள் திண்டுக்கல் பேச்சு பேசினார்கள். மைக்கில் அண்ணன் பேசிப் பதிந்தபோது, அடுப்படியிலிருந்து அம்மா குறுக்கே கத்தினாள்.

“செத்த நேரம் சும்மா இரும்மா, எல்லாம் கெட்டுப்போச்சு!” என்று சீறினான் அண்ணன். சாப்பிட்டு வந்தால் கரண்ட் இல்லை. அப்புறம் அந்தப் பதிவைத் திருத்தவே இல்லை.

இப்போது அம்மா இல்லை. அண்ணன் துபாயில். திரையில் எதிரிகள் மதிலை இடிக்கிறார்கள். நான் யாரையும் சண்டைக்கு அனுப்பவில்லை. சத்தத்தைக் கூட்டி வைத்து, அந்த வீரனையே திரும்பத் திரும்பக் கிளிக் செய்கிறேன். ‘வாரேன்’ என்கிறான். அவனுக்குப் பின்னால், தாளிக்கிற சத்தத்தோடு: ‘ஏலே, சோறு ஆறுது, சாப்பிட வாங்கடா!’