கீறல் படக்கூடாது

காருக்கு மெழுகு பூசுவது என்றால் தம்பிக்குக் கோயில் திருவிழா. கொடியேற்றத்துக்கு முன்பே வீட்டில் எல்லாரையும் பாடாய்ப் படுத்திவிடுவான். அப்பா பழையதாக வாங்கிய வெளிர் நீலக் கார் அது. ஓடியதைவிட நின்றதுதான் அதிகம். கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. உப்புக் காற்று ஒரு பக்கம், கரையோர ரயில் பாதை மறுபக்கம் என்று காருக்கு இரண்டு எதிரிகள் இருந்தார்கள். ரயில் சக்கரத்தில் இருந்து கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தூள் பறந்து வந்து பெயின்ற்றில் குத்திக்கொண்டு துருப்பிடிக்குமாம். அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"அதை எடுக்காமல் மேலால வக்ஸ் பூசினா உள்ளுக்கையே கறள் பிடிக்கும் அக்கா" என்பான்.

ஆகவே முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவிப் பழைய மெழுகை எல்லாம் எடுக்க வேண்டும். பிறகு மெல்லிய பொலித்தீன் சொப்பிங் பை ஒன்றுக்குள் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, காரின் பொனற்றைத் தடவிப் பார்ப்பான். வெறும் கைக்குப் பிடிபடாத தூளும் பைக்கு மேலால் சொரசொரவென்று தெரியும். தெரிந்த இடத்தை, மாமா சிங்கப்பூரில் இருந்து கொண்டுவந்து கொடுத்த, களிமண் போல் மெதுவான களிக் கட்டியால், தண்ணீர் விட்டு விட்டுத் தேய்ப்பான். பெண் பார்க்கப் போகும்போதும் இப்படிக் கண்ணை மூடித் தடவிப் பார்ப்பாயா என்று நான் கேட்டு, ஈரத் துணியால் முதுகில் அடி வாங்கியிருக்கிறேன்.

சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் துப்பாக்கி வாரைக் காரில் உரசினால் அவன் முகம் சுருங்கிவிடும். தன்னை இறக்கி விசாரிப்பதைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டான். கார்தான் கவலை. அதனால்தான் வேலை தொடங்குமுன் கைக்கடிகாரம், மோதிரம், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றி வீட்டின் முன் ஜன்னல் படியில் வைப்பான். பட்டனும் பொக்கற்றும் இல்லாத ஒரு பழைய ரீசேட்டைப் போட்டுக்கொள்வான். குனிந்து தேய்க்கும்போது உடம்பில் உள்ள எதுவும் பெயின்ற்றில் கீறக்கூடாது. அடையாள அட்டையும் அந்தப் படியில்தான் இருக்கும்.

அன்றைக்கும் அப்படித்தான் வைத்தான். அந்தக் கிழமை நகரத்தில் குண்டு வெடித்திருந்தது. அட்டை இல்லாமல் கேற்றுக்கு வெளியே கால் வைக்கக்கூடாது என்று அம்மா காலையிலேயே சொல்லியிருந்தா. தமிழ் வீடுகளில் அந்த நாட்களில் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன் அட்டை எடுத்தாயா என்றுதான் கேட்பார்கள்.

கழுவி, தேய்த்து, துடைத்து முடித்துவிட்டான். மெழுகு பூசுவது மட்டும்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்துத் துணி கை நழுவி மண்ணில் விழுந்தது. மண்ணில் விழுந்த துணியைத் திரும்பக் காரில் வைக்க மாட்டான். ஒரு மணல் போதும், பெயின்ற் முழுக்கக் கோடு போட்டுவிடும். வீட்டில் இருந்த பழந்துணி ஒன்றும் அவனுக்குப் பிடிக்கவில்லை. நான் உடுத்திருந்ததைக் கேட்காமல் விட்டானே என்று சிரித்தேன்.

"ரோட்டுக் கடையில போய் பிளானல் துணி வேண்டிக்கொண்டு ஓடி வாறன். ஒருத்தரும் காரைத் தொடாதேங்கோ. இப்ப அதுக்கு மேல பாதுகாப்பு ஒண்டுமில்லை" என்றுவிட்டுப் போனான்.

சொன்னபடி நாங்கள் ஒருவரும் தொடவில்லை. அவனைக் காணவில்லை என்று நான் கேற்றடிக்கு வந்தபோது, சந்திக் கடை முதலாளி சாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்தார். "நோனா, மல்லிவ ஜீப் எகட்ட தாகத்தா" என்றார் சிங்களத்தில். தம்பியை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். அம்மா ஜன்னல் படியில் இருந்த அட்டையை எடுத்துக்கொண்டு, செருப்பும் போடாமல் ஓடினா. பொலிஸில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் அதை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "மே நமின் கவுருத் நே" என்று திருப்பிக் கொடுத்தார். அந்தப் பெயரில் அங்கே யாரும் இல்லையாம்.

அம்மா அதை நம்பவில்லை. அட்டை கையில் இல்லாததால்தான் அவன் பெயர் ஓரிடத்திலும் பதியப்படவில்லை என்று நினைத்தா. "பிள்ளை ஐ.சி. இல்லாமல் நிக்கிறான்" என்றபடி ஒவ்வொரு பொலிஸாக, ஒவ்வொரு முகாமாக அதைக் கொண்டு போனா. வீட்டுக்கு வந்ததும் பழைய இடத்திலேயே வைப்பா.

காருக்கு மேல் ஒரு படுக்கை விரிப்பைப் போட்டு மூடினோம். மெழுகு பூச அம்மா யாரையும் விடவில்லை. "அவன் வந்து செய்வான். அவன்ர வேலை" என்றா. மழை வந்தது, போனது. பாதுகாப்பு ஒன்றும் இல்லாத பெயின்ற்றை உப்பு மெல்ல மெல்லத் தின்றது. நீலம் சாம்பலாகியது, கதவின் அடியில் கறள் ஏறியது. அந்த விரிப்பைத் தூக்கிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு, ஒரு துணித் துண்டுக்காகப் போனானே என்று அவன் மேலேயே கோபம் வரும்.

அடுத்த வருடம் ஒரு ஞாயிறு, அப்பா கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு டின் மெழுகும் பிளானல் துணியும் வாங்கி வந்தார். "இப்பிடியே விட்டா அவன் வரேக்கை கார் இருக்காது" என்றார். அம்மா மறுக்கவில்லை. அப்பா தம்பியைப் போலவே காரைக் கழுவினார், களியால் தேய்த்தார். அதற்கு முன்பே கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி ஜன்னல் படியில் வைத்திருந்தார். பொக்கற்றில் இருந்த தன் அடையாள அட்டையையும் எடுத்து, தம்பியின் அட்டைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

மெழுகு டின்னைத் திறந்தபோதுதான் அம்மா அதைக் கண்டா. அப்பாவின் அட்டையை எடுத்துவந்து அவருடைய சேட் பொக்கற்றில் வைத்தா. தாலிக்கொடியில் கொழுவியிருந்த ஊசியைக் கழற்றி, அட்டை விழாதபடி பொக்கற்றின் வாயைக் குத்தினா.

"ஊசி கீறுமப்பா" என்றார் அப்பா.

"கீறட்டும்."

அப்பா அந்த ஊசியோடுதான் குனிந்து குனிந்து பூசினார். முடிந்ததும் சொப்பிங் பைக்குள் கையை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பொனற்றைத் தடவினார். நடுவில் ஓரிடத்தில் கை நின்றது. வளைந்த நீளமான கீறல், மெழுகுக்கு அடியில் பளிச்சென்று தெரிந்தது. அப்பா கையை எடுக்காமல் அங்கேயே நின்று அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

தம்பி கண்டிருந்தால் அந்தக் கீறலுக்காக எங்களோடு ஒரு கிழமை கதைத்திருக்க மாட்டான். அந்தக் கோபத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். அவன் வரவேயில்லை.