பூட்டாத கிட்டங்கி

ஐந்தாம் வகுப்பில் எங்களுக்கு ஒரு மெழுகுச்சிலை நாள் வைத்தார்கள். ஒவ்வொருவரும் சரித்திரத்தில் வரும் ஒருவரைப்போல வேஷம் போட்டு, நாங்கள் குடியேறியிருந்த கிளென் வேவர்லியில், எங்கள் பள்ளி மண்டபத்தில் அசையாமல் நிற்கவேண்டும். காலடியில் ஒட்டியிருக்கும் சிவப்புக் காகித வட்டத்தை யாராவது மிதித்தால், உயிர் வந்து ஒரு நிமிடம் பேசவேண்டும்.

சீட்டுக் குலுக்கலில் எனக்கு விழுந்தவர், அமெரிக்காவை ஆங்கிலேயர் ஆண்ட காலத்துப் பணக்கார வணிகர். கப்பல்களும் சரக்கு அடுக்கும் கிட்டங்கிகளும் வைத்திருந்தார். சட்டசபையில் இருந்தார். கிளர்ச்சிக்காரர் பக்கம் நின்றதால், சிப்பாய்கள் வந்தபோது எல்லாவற்றையும் விட்டு ஓடினார். அக்காவின் நீளக் காலுறையும் பஞ்சு ஒட்டிய தொப்பியும் எனக்கு வேஷம். மீசை இல்லாத முதலாளியை யார் மதிப்பார்கள் என்று அம்மா கேலி செய்தார்.

பெரியப்பா எங்களோடு இருந்தார். ஸ்பிரிங்வேலில் ஒரு மரக்கறிக் கடையில் அழுகிய தக்காளிகளைப் பிரித்தெடுப்பது அவர் வேலை. யாழ்ப்பாணத்தில் அரிசி மொத்த வியாபாரியாகவும் நகரசபை உறுப்பினராகவும் இருந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். எங்களுக்குத் தெரிந்த எல்லோருமே ஊரில் ஏதோவாக இருந்தவர்கள்தான். அதனால் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

குசினியில் நான் ஒத்திகை பார்த்தபோது, கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பா, கிட்டங்கிக்கு என்ன நடந்தது என்று விசாரித்தார். புத்தகத்தில் இல்லை என்றேன்.

"பூட்டேல்லை எண்டு சொல்லு பிள்ளை. போக ஏலாமல் நிக்கிற சனம் எடுத்துச் சாப்பிடட்டும் எண்டு திறந்து விட்டிட்டுப் போனவர்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"யாவாரிக்கு யாவாரியைத் தெரியாதே?"

சேர்த்துக்கொண்டேன். தினமும் வேலைக்குப் போகுமுன் ஒருமுறை சொல்லச் சொல்வார். அந்த வரி வந்ததும் எழும்பிச் சப்பாத்துப் போடுவார்.

ஆசிரியை அந்த வரியில் பென்சிலால் கோடு போட்டு, எங்கே வாசித்தாய் என்று கேட்டார். புள்ளி குறையும் என்ற பயத்தில் அழித்துவிட்டேன். பெரியப்பாவிடம் சொல்லவில்லை.

பல வருடங்களின் பின், அவருடைய செத்தவீட்டில், முன்பின் தெரியாத ஓர் அன்ரி என் கையைப் பிடித்தார். போரில் ஊர் முழுதும் இடம்பெயர்ந்த நாளில், படுத்த படுக்கையாய்க் கிடந்த தாயை விட்டுப் போக முடியாமல் அவர்கள் தங்கிவிட்டார்களாம். பூட்டாத கிட்டங்கியில் இருந்த பெரியப்பாவின் அரிசியைத்தான் ஒரு மாதம் தின்றார்களாம். அப்பாவுக்கே அது புதுச் செய்தி.

மெழுகுச்சிலை நாளில் பெரியப்பா அரைநாள் லீவு போட்டு, அயர்ன் பண்ணிய சேர்ட்டோடு வந்திருந்தார். வட்டத்தை மிதித்தார். ஆங்கிலத்தில் ஒரு பிழையும் இல்லாமல் சொல்லி முடித்தேன். அவர் நகரவில்லை. மறுபடியும் மிதித்தார். சொன்னேன். பின்னால் வரிசை சேர்ந்தது. மூன்றாம் தடவையும் மிதித்தார்.

அவருக்கு இங்கிலிஷ் விளங்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். அந்தத் தடவை, அவருக்காக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.