பெயரில்லாத ஆண் குழந்தை

பேருந்தில் யாரோ ஒருவருக்குச் சட்டைப் பொத்தான் அறுந்துபோனது. வேலை கேட்டுப் போகிறவர் போலிருந்தார். பக்கத்தில் இருந்த தையல்காரம்மா ஊசி நூலை எடுத்துத் தைத்துக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள். அந்த நல்ல மனசுக்குள்ளும் ஒரு நெருப்பு எரிந்துகொண்டிருந்தது.

அவளுடைய பெரியப்பா குடும்ப வரலாறு என்று ஒரு புத்தகம் போட்டார். அதில் அவள் அப்பாவின் பெயரே இல்லை. செத்துப்போன தம்பியை, "அவன் எங்க ரத்தமே இல்ல, எடுத்து வளர்த்தவன்" என்று ஊரெல்லாம் சொன்னார்.

"விடு, கடவுள் பார்த்துக்குவார்" என்றார்கள் உறவினர்கள்.

"அவருக்கு ஆயிரம் வேலை. இதை நானே பார்த்துக்கறேன்" என்றாள்.

மாநில ஆவணக் காப்பகத்தின் பழைய பிறப்புப் பதிவேடுகள் இணையத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, கணினிக் கடைக்கு நடையாய் நடந்தாள். மூன்று மாதம் அப்பா பெயரைப் போட்டுத் தேடியும் ஒன்றும் வரவில்லை.

"அக்கா, அப்பல்லாம் பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே பதிஞ்சிடுவாங்க. தாத்தா பேரையும் அப்பா பொறந்த வருஷத்தையும் போடுங்க" என்றார் கடைக்காரர்.

போட்டாள். 'ஆண் குழந்தை' என்று வந்தது. தாய், தந்தை பெயர்கள் சரியாக இருந்தன. பிறப்பைத் தெரிவித்தவர் குழந்தையின் அண்ணன். கீழே பெரியப்பாவின் கையெழுத்து!

மருமகன்களோடு உட்கார்ந்திருந்த பெரியப்பா முன்னால் அந்தப் பதிவை அச்செடுத்த தாளை வைத்தாள்.

"வயசாச்சும்மா, மறந்துட்டேன்" என்று முனகினார்.

"அதனாலதான் பெரியப்பா, உங்க புத்தகம் போன வீட்டுக்கெல்லாம் இதுல ஒண்ணு அனுப்பிட்டேன். இனி உங்க சாவுக்குக்கூட நான் வரமாட்டேன்."